குடும்ப ஜெபம் முடிஞ்ச பிறகு

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். இது பிரசங்கம் இல்லை. உங்களை எந்த மதத்துக்கும் கூப்பிடுற கட்டுரையும் இல்லை. நீங்க சர்ச்சுக்குப் போறவரா, கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ போறவரா, எங்கேயுமே போகாதவரா, எனக்குத் தெரியாது. ஆனா உங்க வீட்டிலும் ஏதோ ஒரு நம்பிக்கை இருக்கும். அதுக்குன்னு ஒரு நேரம் இருக்கும். அந்த நேரம் முடிஞ்சதும் வீடு பழையபடி ஆகிற ஒரு நொடியும் இருக்கும். அந்த நொடிக்கு அப்புறம் நடக்கிறதைப் பத்தித்தான் எழுதப் போறேன்.

எங்க வீடு கன்னியாகுமரி மாவட்டம், மார்த்தாண்டம் பக்கம். சி.எஸ்.ஐ. சபை. தலைமுறை தலைமுறையா கிறிஸ்தவங்க. ராத்திரி எட்டு மணி ஆச்சுன்னா டிவி நிக்கும், பாய் விரியும். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், ஒரு ஜெபம். அதிகாரத்தை ஆளுக்கு ரெண்டு வசனமா சுத்தி வாசிப்போம். எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம் படிச்ச எனக்குத் தமிழ் சரளமா வாசிக்க வந்ததே அந்தப் பாயில்தான். நாங்க வாசிக்கிறது 1871-இல் போவர் தலைமையில் ஒரு குழு செய்த மொழிபெயர்ப்பின் வழி வந்த பைபிள். அதனால என் தமிழ்ல இன்னைக்கும் 'கிருபை', 'சஞ்சலம்' எல்லாம் சர்வ சாதாரணமா வரும். ஹாஸ்டல்ல பசங்க ஓட்டுவாங்க.

ஜெபத்தில் அப்பாகிட்ட ஒரு நீளமான லிஸ்ட் இருக்கும். என் செமஸ்டர், சித்தப்பாவோட முழங்கால் வலி, பக்கத்து வீட்டு அண்ணனோட விசா, அப்புறம் குடும்ப சமாதானம். ஆமென் சொல்லி எல்லாரும் கண்ணைத் திறக்கிறதுக்குள்ள அம்மா பாதி எழுந்திருப்பாங்க. குழம்பைச் சூடு பண்ணணும், தோசைக்கல் வைக்கணும். அப்பா பைபிளை மூடி வச்சிட்டு நியூஸ் சேனல் போடுவார். அன்புன்னா பொறுமை, அன்பு தன் சௌகரியத்தைப் பார்க்காதுன்னு பவுல் எழுதின அதிகாரத்தை வாசிச்ச நாளிலும் இதே கதைதான்.

கிறிஸ்தவக் குடும்பம்னா என்னன்னு யாராவது கேட்டா, நாம எட்டு மணியிலிருந்து எட்டரை மணி வரை நடக்கிறதைக் காட்டுவோம். எனக்கு என்னமோ எட்டரைக்கு மேல நடக்கிறதுதான் பதில்னு தோணுது. பாத்திரம் யார் கழுவுறாங்க, பணம் யார் கையில் இருக்கு, சொத்து யார் பேருக்குப் போகுது. ஒரு வீட்டோட உண்மையான விசுவாசப் பிரமாணம் இந்த மூணும்தான்.

போன வருஷம் அக்காவுக்கு வரன் பார்க்க ஆரம்பிச்சாங்க. அப்போதான் இது எனக்குப் பளிச்சுன்னு தெரிஞ்சது.

"உங்க பிள்ளைக்கு நீங்க செய்றது"

அக்காவுக்கு 26 வயசு. திருவனந்தபுரத்தில் வேலை. என் மூணாவது செமஸ்டர் ஃபீஸ் அவ சம்பளத்தில் கட்டினது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஏழு பேர் வந்தாங்க. நல்ல குடும்பம், சபையில் பேர் உள்ளவங்க. பெரியவர் ஒருத்தர் முதல்ல ஜெபம் பண்ணினார். கர்த்தருடைய சித்தம் நடக்கணும்னு உருக்கமான ஜெபம். அம்மா கண்ணைத் துடைச்சாங்க. டீ வந்தது, முந்திரிக்கொத்து வந்தது. அப்புறம் அதே பெரியவர் சொன்னார்: "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம். தேவன் எங்களை நல்லாத்தான் வச்சிருக்கார். உங்க பிள்ளைக்கு நீங்க என்ன செய்யணும்னு நினைக்கிறீங்களோ, அதைச் செய்யுங்க."

அப்பா முகம் கொஞ்சம் தெளிஞ்சது. உடனே பக்கத்திலிருந்த அம்மா ஒருத்தங்க சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க: "மூத்த மருமகளுக்கு அவங்க வீட்டில் 80 பவுனும் ஒரு காரும் கொடுத்தாங்க. சும்மா ஒரு தகவலுக்குச் சொல்றேன்."

எஞ்சினியரிங் புத்தி, மனசு தானா கணக்குப் போட்டது. பவுனுக்கு எட்டு கிராம், 640 கிராம் தங்கம்.

இதில் யாரும் எதையும் கேட்கலை, கவனிச்சீங்களா? சீதனம் என்ற வார்த்தையே அந்த ஹால்ல வரலை. 1961-லிருந்து வரதட்சணைத் தடைச் சட்டம் இருக்கு. வாங்கினாலும் கொடுத்தாலும் குறைஞ்சது அஞ்சு வருஷம் சிறைன்னு அதில் எழுதியிருக்கு. விரும்பிக் கொடுக்கிற பரிசா இருந்தாலும் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கி வைக்கணும்னு 1985-லிருந்து விதி இருக்கு. நான் போன எத்தனையோ கல்யாணத்தில் மெனு கார்டு பார்த்திருக்கேன், அந்தப் பட்டியலை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. 'தகவலுக்கு' என்ற ஒரே வார்த்தை போதும், மொத்தச் சட்டத்தையும் சுத்திப் போயிடலாம்.

எங்க கல்யாண முறையில் ஒண்ணு உண்டு. கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிப்பாங்க. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கு, தடை இருந்தா சொல்லுங்கன்னு சபையைக் கேட்பாங்க. ஏற்கெனவே கல்யாணமானவரா, நெருங்கின உறவா, இதெல்லாம்தான் தடை. மூணு வாரமும் சபை அமைதியா இருக்கும். 'பவுன் பேசியிருக்காங்க ஐயா, அது ஒரு தடை'ன்னு யாரும் எழுந்து சொன்னதா நான் கேள்விப்பட்டதே இல்லை. அந்தச் சபையில் பாதிப் பேருக்கு எத்தனை பவுன்னு தெரிஞ்சிருக்கும்.

இன்னொரு வேடிக்கை. ஆங்கிலிகன் சபையோட 1662 ஜெபப் புத்தகத்தில் கல்யாண ஆராதனையைத் தேடி வாசிச்சேன். மோதிரம் போடும்போது மாப்பிள்ளைதான் தன் உடைமைகளை எல்லாம் மனைவிக்குத் தர்றதா வாக்குக் கொடுக்கணும். அந்த முறையில் சொத்து மாப்பிள்ளை கையிலிருந்து பொண்ணு கைக்குப் போகுது. நம்ம ஊர்ல ஆல்டருக்கு முன்னாடி என்ன வாக்குக் கொடுத்தாலும், மண்டபத்துக்கு வெளியே ஓட்டம் எதிர்த் திசையில்தான்.

அந்த வரன் அமையலை. அப்பா தன்னால முடிஞ்சதைச் சொன்னார். அவங்க ஜெபம் பண்ணிட்டுச் சொல்றோம்னாங்க. அப்புறம் போன் வரவே இல்லை. அன்னைக்கு ராத்திரி வீட்டு ஜெபத்தில் அப்பா அதைக் கர்த்தருடைய சித்தம்னு சொன்னார். அக்கா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கர்த்தருடைய சித்தம் 80 பவுன் போலிருக்கு"ன்னா.

ஒரு எழுத்து வித்தியாசம்

எங்க பைபிள்ல 'சுதந்தரம்'னு ஒரு வார்த்தை அடிக்கடி வரும். பள்ளிக்கூடத் தமிழோட அதைப் பார்த்தா 'சுதந்திரம்'னுதான் யாருக்கும் தோணும். ஆனா அது வேற. சுதந்தரம்னா பரம்பரையா வர்ற சொத்து, வாரிசுப் பங்கு. சுதந்திரம்னா விடுதலை. நடுவில் ஒரு எழுத்து மட்டும்தான் வித்தியாசம்.

எண்ணாகமம் 27-ஆம் அதிகாரத்தில் அஞ்சு சகோதரிகள் வர்றாங்க. செலொப்பியாத்தின் மகள்கள்: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். அப்பா இறந்துட்டார், ஆண் பிள்ளை இல்லை. அஞ்சு பேரும் மோசேக்கும் ஆசாரியனுக்கும் மொத்த சபைக்கும் முன்னாடி போய் நின்னு, எங்க அப்பா பங்கை எங்களுக்குக் கொடுங்கன்னு கேட்கிறாங்க. மோசேகிட்ட பதில் இல்லை. கடவுள்கிட்டக் கேட்கிறார். அவங்க கேட்கிறது சரின்னு பதில் வருது. நேர்மையா ஒண்ணும் சொல்லணும். அந்தச் சட்டப்படி சகோதரன் இருந்திருந்தா அவங்களுக்குப் பங்கு இல்லை. பிறகு 36-ஆம் அதிகாரத்தில், சொந்த கோத்திரத்துக்குள்ளேதான் கல்யாணம் பண்ணணும்னு ஒரு நிபந்தனையும் வந்து சேருது.

சகோதரன் இருக்கிற வீட்டுக்கு என்ன கணக்கு? அது யோபுவோட கடைசி அதிகாரத்தில் இருக்கு. யோபு எல்லாத்தையும் இழந்து, திரும்பப் பெற்ற கதை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். முடிவில் அவருக்கு ஏழு ஆண் பிள்ளைகள், மூணு பெண் பிள்ளைகள். ஏழு பையன்களில் ஒருத்தன் பேர்கூட அங்கே இல்லை. பெண்கள் மூணு பேருக்கும் பேர் இருக்கு: எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக். யோபு அவங்களுக்கு அவங்க சகோதரர்களோட நடுவில் சுதந்தரம் கொடுத்தார்னு எழுதியிருக்கு. யோபுவின் பொறுமையைப் பத்தி ஒரு நூறு பிரசங்கம் கேட்டிருப்பேன். யோபு பெண் பிள்ளைகளுக்குப் பங்கு எழுதினதைப் பத்தி ஒண்ணுகூடக் கேட்டதில்லை.

திருவிதாங்கூர் கணக்கு

எங்க மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்னைக்குத்தான் தமிழ்நாட்டோட சேர்ந்தது. அதுக்கு முன்னாடி திருவிதாங்கூர். அங்கே கிறிஸ்தவங்களுக்குன்னு 1916-இல் ஒரு வாரிசுரிமைச் சட்டம் போட்டாங்க. உயில் எழுதாம அப்பா இறந்தா மகளுக்கு என்ன கிடைக்கும்? மகனோட பங்கில் நாலில் ஒண்ணு, இல்லைன்னா 5,000 ரூபாய், ரெண்டில் எது குறைவோ அது. ஏற்கெனவே சீதனம் கொடுத்திருந்தாலோ, கொடுக்கிறதா வாக்குச் சொல்லியிருந்தாலோ, அதுவும் கிடையாது. சீதனம்னா மகளைப் பங்கிலிருந்து கழிச்சு விடுற ரசீதுன்னு சட்டமே எழுதி வச்சிருந்தது.

கோட்டயத்துல மேரி ராய்னு ஒரு டீச்சர், எழுத்தாளர் அருந்ததி ராயோட அம்மா. அவங்க இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனாங்க. 1986 பிப்ரவரி 24-இல் தீர்ப்பு வந்தது. திருவிதாங்கூர் சட்டம் 1951-லேயே செத்துப் போச்சு, கிறிஸ்தவங்களுக்கு 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும்னு சொன்னாங்க. அதன்படி உயில் இல்லாம ஒருத்தர் இறந்தா மனைவிக்கு மூணில் ஒண்ணு. மிச்சம் பிள்ளைகளுக்குச் சமமா. மகன், மகள் வித்தியாசம் இல்லை. ஜெயிச்ச பிறகும் மேரி ராய்க்குப் பங்கு கைக்கு வர பல வருஷம் ஆச்சு. எதிர்ப்பக்கம் இருந்தது அவங்க கூடப் பிறந்தவர்.

பெண்களோட மரியாதைக்காகப் போராடின வரலாறு எங்க ஊருக்கு உண்டு. நாடார் பெண்கள் மேலாடை போடுற உரிமைக்காக இதே மண்ணில் பல வருஷம் அடி வாங்கினாங்க. 1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்து அறிவிப்பு போட்டது. அந்தப் போராட்டத்தில் நின்ன பெண்களில் நிறையப் பேர் கிறிஸ்தவங்க. சபை வரலாற்று விழாவில் நாங்க இதைப் பெருமையா நாடகமா போடுவோம். நாடகம் முடிஞ்சு சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்தா, பக்கத்து இலையில் எத்தனை பவுன்னு பேச்சு நடக்கும்.

விடுதலைப் பத்திரம்

இப்போ என் வீட்டுக்கு வர்றேன். இதுதான் எனக்குக் கொஞ்சம் கஷ்டமான இடம்.

தாத்தா இறந்தது 1994-இல். அதாவது மேரி ராய் தீர்ப்பு வந்து எட்டு வருஷம் கழிச்சு. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இருக்கிற அதே பங்கு ரெண்டு அத்தைமாருக்கும் சட்டப்படி இருந்தது. ஆனா ரெண்டு பேரும் சப்-ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ் போய், எங்களுக்குப் பங்கு வேண்டாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்தாங்க. அந்தப் பத்திரத்துக்குப் பேர் என்ன தெரியுமா? விடுதலைப் பத்திரம். பைபிள்ல எத்தனையோ இடத்தில் சந்தோஷமா வர்ற வார்த்தை, இங்கே ஒரு பெண்ணைச் சொத்திலிருந்து வெளியே அனுப்புற தாளுக்குப் பேர்.

சின்ன அத்தை இப்போ வாடகை வீட்டில் இருக்காங்க. மாமா தவறி நாலு வருஷம் ஆச்சு. கிறிஸ்துமஸுக்கு வரும்போது கை நிறைய அச்சுமுறுக்கு கொண்டு வருவாங்க. போன கிறிஸ்துமஸுக்கு நான் மெதுவா கேட்டேன், ஏன் அத்தை கையெழுத்துப் போட்டீங்கன்னு. "அண்ணன்மார் உறவு போயிடக் கூடாதுன்னு போட்டேன் மக்களே. எனக்கு வேண்டாம்னு போடல்ல." அவ்வளவுதான் சொன்னாங்க. அப்புறம் அம்மாவோட சேர்ந்து பாத்திரம் கழுவப் போயிட்டாங்க. அத்தை முகத்தில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் தாங்கலை.

இப்போ அடுத்த தலைமுறைக்கும் அதே பிளான். அக்காவுக்குச் சீதனமா பவுன். வீடும் 38 சென்ட் நிலமும் எனக்கு செட்டில்மென்ட். அப்பா மேல எனக்குக் கோபம் இல்லை. அவர் பார்த்து வளர்ந்தது அதைத்தான். மகளுக்குக் கடன் வாங்கியாவது நகை போடுறதும், மகனுக்கு வீட்டை விட்டுட்டுப் போறதும்தான் நல்ல தகப்பனோட அடையாளம்னு நம்புறார். அதுக்காக 30 வருஷம் உழைச்சிருக்கார்.

ஆனா கணக்கைப் பாருங்க. பவுன் அக்கா கழுத்தில் ஏறினாலும், பெரும்பாலும் அது அவ கையில் நிக்கிறதில்லை. மாப்பிள்ளையோட தங்கச்சி கல்யாணம், வீட்டு லோன், கார் டவுன் பேமென்ட்னு கரைஞ்சிடும். நிலம் என் பேரில் அப்படியே இருக்கும். நாளைக்கு அவ வாழ்க்கையில் ஏதாவது தப்பாப் போச்சுன்னா, திரும்பி வர்ற வீடு அவளோடது இல்லை, தம்பியோடது. அதாவது என் மனசைப் பொறுத்தது. என் மனசு நல்லாத்தான் இருக்குன்னு நான் நினைக்கிறேன். சித்தப்பாவும் அப்பாவும்கூட நல்ல மனசுக்காரங்கதான். ஆனாலும் சின்ன அத்தை வாடகை வீட்டில்தான் இருக்காங்க.

ஜனவரியில் செமஸ்டர் லீவுக்குப் போனப்போ வீட்டில் சொன்னேன். முழுசா என் பேருக்கு எழுத வேண்டாம், அக்காவுக்கும் சரிபாதி எழுதுங்க, பவுனுக்காகக் கடன் வாங்க வேண்டாம்னு.

சித்தப்பாதான் முதல்ல பேசினார். லூக்கா 12-ஐ எடுத்தார். ஒருத்தன் இயேசுகிட்ட வந்து, என் அண்ணனைச் சொத்துப் பிரிச்சுக் கொடுக்கச் சொல்லுங்கன்னு கேட்கிறான். இயேசு, அது என் வேலை இல்லைன்னு மறுத்துட்டு, பொருளாசையைப் பத்தி எச்சரிக்கிறார். "பார்த்தியா, பங்கு பங்குன்னு அலையறதைக் கர்த்தர் விரும்பல்ல"ன்னார். நல்ல பாயிண்ட்தான். நானும் யோசிச்சேன். ஆனா அந்த எச்சரிக்கை கேட்கிறவனுக்கு மட்டும் எப்படி இருக்கும்? கையில் வச்சிருக்கிறவனுக்கும் அதே எச்சரிக்கைதானே? தொடர்ந்து இயேசு சொல்ற கதையே, களஞ்சியத்தை இடிச்சுப் பெருசாக் கட்டுற பணக்காரனைப் பத்திதான். அவன் யார்கிட்டயும் பங்கு கேட்கலை. எல்லாம் தன்னோடதுன்னு நினைச்சான், அவ்வளவுதான்.

அப்பா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் சொன்னார்: "உனக்கு இப்போ 21 வயசு மக்களே. கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்து, அப்பவும் இதையே சொல்லு பார்ப்போம்." அதுக்கு என்கிட்டப் பதில் இல்லை. அதனாலதான் இப்பவே எழுதிடுங்கப்பான்னு சொன்னேன். நான் மாறிப் போனாலும் பத்திரம் மாறாது இல்லையா?

அக்கா என்ன சொன்னா தெரியுமா? "நல்லா இருக்குடா. ஆனா நீ எனக்குத் தர்றதா நினைச்சுக்காத. அது உன்னோடதா இருந்தாத்தானே நீ தர முடியும்?"

21-ஆம் வசனம்

கிறிஸ்தவக் கல்யாணத்துக்குப் போயிருந்தா, எபேசியர் 5-ஆம் அதிகாரத்தை நீங்களும் கேட்டிருப்பீங்க. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியணும்னு 22-ஆம் வசனம். மண்டபத்தில் பெரியவங்க தலையாட்டுவாங்க. இதே வசனத்தை வச்சுத்தான் அம்மா தனியா எழுந்திருக்கிறதையும், அத்தை கையெழுத்துப் போடுறதையும், அக்கா வாயை மூடணும்ங்கிறதையும் நியாயப்படுத்துவாங்க.

அதுக்கு முந்தின வசனத்தை யாராவது வாசிக்கிறாங்களா? எல்லாரும் ஒருத்தருக்கு ஒருத்தர் கீழ்ப்படியணும்னு இருக்கு. ரொம்பப் பழைய கிரேக்கப் பிரதிகள் சிலதில் 22-ஆம் வசனத்தில் வினைச்சொல்லே கிடையாது. 'கீழ்ப்படி' என்ற வார்த்தையை 21-லிருந்து கடன் வாங்கித்தான் அந்த வாக்கியம் நிக்குது. நம்ம பாஷையில் சொன்னா, 22-ஐத் தனியா ரன் பண்ணினா எரர் வரும், 21-ஐ இம்போர்ட் பண்ணியே ஆகணும். அதோட நிக்கலை. மனைவிக்குச் சொன்னதைவிட அதிக வரிகள் கணவனுக்கு. கிறிஸ்து சபைக்காகத் தன்னையே கொடுத்த மாதிரி அவன் தன்னைக் கொடுக்கணும்னு இருக்கு. உயிரையே கொடுக்கச் சொன்ன இடத்தில், நாம தோசைக்கல் பக்கம்கூடப் போறதில்லை.

இது பெரிய தியாகம் செய்றதைப் பத்தின விஷயம் இல்லை. சிலுவையை எடுத்துக்கிட்டு வான்னு இயேசு சொன்னதுக்கு லூக்கா 'தினமும்' என்ற வார்த்தையைச் சேர்த்து எழுதியிருக்கார். தினமும்னா ராத்திரி எட்டரை மணியும் அதில் சேரும். பத்திரம் எழுதுற நாளும் சேரும்.

நம்ம ரேட்

இந்த மாசம் நம்ம காலேஜ்ல பாதிப் பேர் கையில் ஆஃபர் லெட்டர் இருக்கு. எனக்கும் ஒண்ணு வந்தது. ஊருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அம்மா அழுதாங்க. அடுத்த நாள் சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல வாழ்த்து மழை. அதில் ஒரு பெரியப்பா சிரிக்கிற எமோஜியோட போட்டிருந்தார்: "இனி இவனுக்கு 100 பவுனுக்குக் குறையாது." பதினேழு பேர் லைக்.

பசங்களா, நாலு வருஷமா நாம ஏத்தினது சி.ஜி.பி.ஏ. மட்டும் இல்லை. நம்ம விலையையும்தான். கேம்பஸ் இன்டர்வியூவில் கம்பெனி நமக்கு ஒரு பேக்கேஜ் போடுது. ஊர்ல அதே நாளில் இன்னொரு பேக்கேஜ் போடுறாங்க. அந்த ரெண்டாவது பேக்கேஜைத் தர்றது எவளோ ஒருத்தியோட அப்பா. அந்தப் பொண்ணு நம்ம கிளாஸ்லயே முதல் பெஞ்சில் இருந்திருக்கலாம், நமக்கு லேப் ரெக்கார்டு கொடுத்திருக்கலாம்.

ஹாஸ்டல்ல எங்க ஜெபக் குழுவில் பசங்க அடிக்கடி தர்ற விண்ணப்பம், நல்ல லைஃப் பார்ட்னர் கிடைக்கணும். தப்பில்லை. போன வாரம் நான் ஒண்ணு சேர்த்துக் கேட்டேன். அந்தப் பொண்ணுகிட்ட எதுவும் வாங்க மாட்டோம்னு நம்ம வீட்டில் இப்பவே சொல்ல தைரியம் வேணும்னும் ஜெபிக்கலாமான்னு. கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் ஒருத்தன், "மச்சி, அப்பா தங்கச்சிக்குக் கொடுக்கப் போறதை என் கல்யாணத்துலதான் எடுக்கணும்னு இருக்கார்"ன்னான். அவன் பொய் சொல்லலை. அதுதான் இந்த வட்டத்தோட சூட்சுமம். ஒவ்வொரு வீடும், முன்னாடி கொடுத்ததைத் திரும்ப வாங்குறோம்னுதான் நினைக்குது. யாரோ ஒருத்தன் நஷ்டத்தை ஏத்துக்கிட்டு நிறுத்தினாத்தான் நிற்கும். மன்னிப்புன்னு எங்க வீட்டு ஜெபத்தில் தினமும் சொல்றோமே, கடனை ரத்து பண்றதுதானே அது?

நீங்க பையனா இருந்தா, இந்த ரெண்டையும் வரன் வர்றதுக்கு முன்னாடி வீட்டில் பேசிடுங்க: எனக்குச் சீதனம் வேண்டாம், அக்கா தங்கச்சிக்குச் சமபங்கு எழுதுங்க. வரன் ஹாலுக்கு வந்த பிறகு பேசினா அது அப்பாவை அவமானப்படுத்துற மாதிரி ஆகும். பொண்ணா இருந்தா, உங்க சட்டம் உங்களுக்கு என்ன தருதுன்னு தெரிஞ்சுக்கோங்க. இந்துக்களுக்கு 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கும் பிறப்பிலேயே சமபங்கு. கிறிஸ்தவங்களுக்கு மேலே சொன்னது. எந்தப் பத்திரத்திலும் வாசிக்காம கையெழுத்துப் போடாதீங்க, நீட்டுறது பாசமான அண்ணனா இருந்தாலும்.

எங்க அப்பா இன்னும் முடிவு சொல்லலை. போன வாரம் போன்ல பேசும்போது, பேச்சோட பேச்சா, பத்திரம் எழுதுறவரைப் பார்த்து விசாரிச்சேன்னு மட்டும் சொன்னார். யார் பேருக்குன்னு நான் கேட்கலை, அவரும் சொல்லலை. மே மாசம் அக்காவைப் பார்க்க இன்னொரு வரன் வருது. இந்தத் தடவை அந்தப் பையன்கிட்ட அக்காவே முதல்ல பேசிட்டா. அவன் ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்னு சொல்லலையாம். "எங்க வீட்டில் நான் பேசுறேன், எனக்கு ரெண்டு வாரம் டைம் கொடுங்க"ன்னானாம்.

பத்து நாள் ஆச்சு. நாங்க காத்திருக்கோம்.